அந்தத் தேதியில் அவர் எங்கே இருந்தார்?

ராணுவ வண்டி ஒன்று கவிழ்கிறது. உள்ளே இருந்த சிப்பாயின் முழங்கால் நொறுங்கிப்போகிறது. அவருடைய காகிதத்தில் "பணியின்போது வண்டி கவிழ்ந்து காயம்" என்று எழுதியிருந்தால் டிஸபிலிட்டி பென்ஷன், அதாவது ஊனத்துக்கான ஓய்வூதியம். "களத்துக்குப் போகும் வழியில் கண்ணிவெடி வெடித்து வண்டி கவிழ்ந்து காயம்" என்று எழுதியிருந்தால் வார் இஞ்சுரி பென்ஷன், அதாவது போர்க் காயத்துக்கான ஓய்வூதியம். கால் ஒன்றுதான், வலி ஒன்றுதான். பணம் மட்டும் இரண்டு மடங்கு மாறுகிறது. களத்தில்தான் அடிபட்டது என்பதைக் காகிதத்தால் எப்படி நிரூபிப்பது என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பணிக்காலம் முடித்து வெளிவந்த ஒருவரின் கடைசிச் சம்பளம், ஓய்வூதியக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் அளவில், 60,000 ரூபாய் என்று வையுங்கள். மெடிக்கல் போர்டு, அதாவது ராணுவ மருத்துவர் குழு, 40 சதவீத ஊனம் என்று போட்டிருக்கிறது. 50-க்குக் குறைவானதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், 76-ம் அதற்கு மேலும் உள்ளதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறைக்கு பிராட் பேண்டிங் என்று பெயர். அதன்படி 40 என்பது 50. நூறு சதவீத ஊனத்துக்கு டிஸபிலிட்டி எலிமெண்ட், அதாவது பென்ஷனில் ஊனத்துக்கான பங்கு, சம்பளத்தில் 30 சதவீதம். அதில் பாதி என்றால் மாதம் 9,000. வார் இஞ்சுரி எலிமெண்ட் 60 சதவீதம். அதில் பாதி 18,000. இரண்டுக்கும் அகவிலைப்படி தனி, பணிக்காலத்துக்கான சர்வீஸ் பென்ஷன் தனி. ஆயுள் முழுக்க ஓடும் வித்தியாசம் இது. பணிக்காலம் முடியும் முன்பே உடல்நிலை காரணமாக வெளியேற்றப்பட்டவருக்கு வார் இஞ்சுரி எலிமெண்ட் நூறு சதவீதச் சம்பளத்திலிருந்து கணக்கிடப்படுவதால், இடைவெளி இன்னும் பெரிது.

இதற்கு அடிப்படை, பாதுகாப்பு அமைச்சகம் 2001 ஜனவரி 31-ல் வெளியிட்ட கடிதம். சாவையும் ஊனத்தையும் ஏ முதல் ஈ வரை ஐந்து பிரிவாக அது பிரிக்கிறது. ஏ என்றால் பணிக்குத் தொடர்பில்லாத இயற்கைக் காரணம். பி என்றால் பணியாலோ பணிச்சூழலாலோ வந்த நோய். சி, பணியின்போது நடந்த விபத்து. போரில் அடிபட்டவர்களுக்கான பிரிவு ஈ. எதிரியின் தாக்குதல், எல்லை மோதல், வெளிநாட்டில் அமைதிப்படைப் பணி, கண்ணிவெடி புதைப்பதும் எடுப்பதும், தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கை, உண்மையான வெடிபொருளோடு நடக்கும் பேட்டில் இனாகுலேஷன் பயிற்சி, இவற்றோடு அரசு தனியாக அறிவிக்கை செய்த ஆபரேஷன்களும் இதற்குள் வரும். களத்துக்குப் போகும் வழியில் வெடிக்கும் கண்ணியும் வரும். முதல் பத்தியில் சொன்ன சிப்பாய் சட்டப்படி ஈ பிரிவுக்காரர். "கண்ணிவெடி" என்ற சொல் விடுபட்டதால் சி பிரிவில் கிடக்கிறார். 2023 செப்டம்பர் 21 முதல் வெளியேறுகிறவர்களுக்குப் புதிய தகுதி விதிகள் வந்துவிட்டன. இங்கே எழுதுவது அதற்கு முன் வெளியே வந்தவர்களுக்காக. கார்கிலுக்கும் சியாச்சினுக்கும் இலங்கைக்கும் போய் வந்தவர்கள் அநேகமாக இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

எந்த மனுவானாலும் ஒரு சங்கிலியின் மூன்று கண்ணிகள் சேர வேண்டும். அந்தத் தேதியில் அவர் அந்தக் களத்தில் இருந்தார். அங்கே அவருக்கு இன்னது நேர்ந்தது. இன்றைக்கு உடம்பில் இருக்கும் குறை அதிலிருந்து வந்தது. மூன்றாவதற்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் மனுக்கள் அதிகமாகச் சாய்வது முதல் இரண்டில். ஒரு கிலோ மருத்துவச் சீட்டைக் கட்டி அனுப்பிவிட்டு, களத்தில் இருந்ததற்கு ஒரு வரிகூட வைக்காமல் விட்டவர்கள் ஏராளம். மருத்துவமனைச் சீட்டு காயத்தைச் சொல்லும். காயம் யாரால், எந்த ஆபரேஷனில் என்பதைச் சொல்ல வேண்டியது பட்டாலியன் காகிதம்.

ஒருவர் அடிபட்டதும் பட்டாலியன் என்ன செய்ய வேண்டும் என்பதை 2003-ஆம் ஆண்டின் முதல் ஆர்மி ஆர்டர் வகுத்திருக்கிறது. பேட்டில் கேஷுவல்டியா (போரில் அடிபட்டவர்), பிசிக்கல் கேஷுவல்டியா (மற்றக் காரணத்தால் அடிபட்டவர்) என்று வகைப்படுத்தி மேலே செய்தி அனுப்ப வேண்டும். பிறகு அது பார்ட் டூ ஆர்டரில் ஏற வேண்டும். திருமணம், குழந்தை பிறப்பு, பதவி உயர்வு, மருத்துவமனையில் சேர்ந்தது என்று ஒரு ஜவானின் வாழ்க்கையில் நடக்கும் எல்லாவற்றையும், அவருடைய ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் அறிவது பார்ட் டூ ஆர்டர் மூலமாகத்தான். அதில் ஏறாதது அலுவலகத்தைப் பொறுத்தவரை நடக்காதது. சண்டை நடந்துகொண்டிருக்கும்போது குமாஸ்தா பின்னால் ஒரு முகாமில் இருப்பார். கம்பெனி முன்னால் இருக்கும். செய்தி கேட்டு எழுதும்போது "மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்" என்று மட்டும் எழுதிவிட்டு, காரணத்தை எழுதாமல் விட்டிருப்பார். யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் முப்பது ஆண்டு கழித்து அந்த வெற்றிடம்தான் ஒரு குடும்பத்தின் கழுத்தைப் பிடிக்கிறது.

அடுத்தது இஞ்சுரி ரிப்போர்ட். ஐ.ஏ.எஃப்.ஒய் 2006 என்ற எண்ணுள்ள படிவம். எப்படி அடிபட்டது என்பதை ஒரு பகுதியிலும், மருத்துவ அதிகாரியின் கருத்தை இன்னொரு பகுதியிலும் எழுதி, கடைசியில் கமாண்டிங் ஆபீசர் கையெழுத்திட வேண்டும். பணியால் ஏற்பட்டது என்று எழுதும் இடத்தில் பீஸ் (அமைதிப் பகுதி), ஃபீல்ட் (களம்) என்ற இரண்டு சொற்கள் வரும். பொருந்தாததை அடிக்க வேண்டும். அந்த ஒரு கோட்டைத் தேடிப் பாருங்கள். இரண்டையும் அடிக்காமல் விட்ட படிவங்கள் உண்டு. ஃபீல்ட் என்பதை அடித்து பீஸ் என்று விட்டதும் உண்டு, அடிபட்டவர் பின்னால் உள்ள மருத்துவமனைக்கு வந்த பிறகு அந்த ஊரை வைத்துப் படிவத்தை நிரப்பியதால். விபத்து என்றால் கோர்ட் ஆப் என்கொயரி, அதாவது ராணுவ உள்விசாரணை, நடந்திருக்க வேண்டும். அதன் முடிவுரையும் தேவை.

இந்தக் காகிதங்கள் வீட்டில் இல்லை என்றால், ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிக் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இயந்திரப் பராமரிப்புப் பிரிவான ஈ.எம்.ஈ.க்கு செகந்திராபாத், ஆர்மி மெடிக்கல் கோருக்கு லக்னோ. "என் ஆவணங்கள் அனைத்தையும் அனுப்பவும்" என்று எழுதினால் ஒரு சர்வீஸ் சுருக்கம் மட்டும் வரும். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பணி விவரப் பதிவான ஷீட் ரோலின் நகல், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையான பார்ட் டூ ஆர்டர்கள், இஞ்சுரி ரிப்போர்ட், கோர்ட் ஆப் என்கொயரி முடிவுரை, உடல்தகுதி வகையை முடிவுசெய்த ஒவ்வொரு கேட்டகரி போர்டின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப் 15 படிவம், வெளியேறும்போது நடந்த போர்டின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப் 16, பென்ஷன் மறுத்த கடிதம். படை எண்ணை அதன் கடைசி எழுத்தோடு சேர்த்து எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அதையே கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், இல்லையென்றால் மேல்முறையீடு. தன்னுடைய மருத்துவக் காகிதத்தைத் தானே கேட்பதற்கு அந்தரங்க விதி தடையில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு தொல்லை. இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் "கா. முருகன்", ராணுவத்தில் "முருகன் காளிமுத்து", ஆதாரில் "முருகன் கே", வங்கியில் வேறொன்று. ஸ்பர்ஷ் பென்ஷன் இணையதளத்தில் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டியிருப்பதால் காயத்தை நிரூபித்த பிறகும் பெயரில் மாட்டிக்கொள்கிறார்கள். ராணுவக் காகிதத்தில் உள்ள பெயரை மூலமாக வைத்து மற்றதைத் திருத்துவது எளிது. எதிர்த்திசையில் போனால் ஆண்டுக்கணக்காகும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இதற்கு உதவுவார்கள்.

இனி, "ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன" என்று பதில் வருகிற கொடுமைக்கு வருவோம். பென்ஷன் இல்லாமல் போனவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 ஆண்டு வைத்திருந்துவிட்டு அழிக்கலாம் என்பது ராணுவ ஒழுங்குமுறையின் 595-ஆம் பத்தி. ஜவான்களுக்கு சர்வீஸ் பென்ஷன் வேண்டுமென்றால் 15 ஆண்டு பணி வேண்டும். எட்டாம் ஆண்டில் அடிபட்டு வெளியேற்றப்பட்டவருக்கு டிஸபிலிட்டி பென்ஷனும் மறுக்கப்பட்டால் அவர் பென்ஷன் இல்லாதவர் ஆகிறார். பென்ஷன் இல்லாதவர் என்பதால் காகிதம் அழிக்கப்படுகிறது. காகிதம் இல்லை என்பதால் பென்ஷன் மறுக்கப்படுகிறது. இந்த வட்டத்தை உடைக்க முடியும். ஆனால் பொறுமை வேண்டும்.

அழியாமல் இருப்பது லாங் ரோல் என்ற பதிவேடு. சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, எந்த விதியின் கீழ் வெளியேறினார் என்பவை அதில் இருக்கும். பணியிலிருந்து வெளிவரும்போது கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கிலும் அதே விதி எண் இருக்கும். 1954-ஆம் ஆண்டின் ஆர்மி ரூல்ஸில் விதி 13(3), மூன்றாம் அட்டவணை வரிசை, உட்பிரிவு மூன்று என்று இருந்தால் "மேற்கொண்டு பணிக்கு மருத்துவத் தகுதி இல்லை" என்று பொருள். இந்த ஒரு எண்ணைக் கொண்டே பாதி வழக்கு நிற்கும். சேரும்போது உடம்பில் குறை எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நல்ல உடல்நிலையில்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், பின்னால் வந்தது பணியால் வந்ததல்ல என்று காட்டும் பொறுப்பு அரசுடையது, மெடிக்கல் போர்டு காரணம் எழுதியே ஆக வேண்டும் என்று 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டவரின் ஊனம் 20 சதவீதத்துக்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்று 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கில் சொன்னது. 20 என்பது சாதாரண எண் இல்லை. டிஸபிலிட்டி பென்ஷனுக்கான வாசல்படி அது. 15, 19 என்று போட்டுக் கையைக் கழுவிய போர்டுகள் பல உண்டு.

களத்தில் இருந்ததற்கு அடுத்த சாட்சி பதக்கம். மார்பில் தொங்கும் உலோகத்தைவிட அதன் பெயர்தான் இங்கே முக்கியம். 1971 போரில் சங்கிராம் மெடல் பரவலாகக் கொடுக்கப்பட்டது. பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார் என்பவை கிழக்கிலும் மேற்கிலும் களத்தில் இருந்தவர்களுக்கு. 1965-ல் சமர் சேவா ஸ்டார் களத்தில் இருந்தவர்களுக்கு, ரக்ஷா மெடல் பரவலாக. கார்கிலில் ஆபரேஷன் விஜய் ஸ்டார் போர்ப்பகுதிக்குள் இருந்தவர்களுக்கு, ஆபரேஷன் விஜய் மெடல் அதைவிட விரிந்த வட்டத்துக்கு. டிஸ்சார்ஜ் புக்கில் "விஜய்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஸ்டாரா மெடலா என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். ஊண்ட் மெடல், அதாவது பராக்கிரம் பதக்கம், இருந்தால் கேள்விக்கே இடமில்லை. காயம்பட்டவருக்குத்தான் அது கிடைக்கும்.

பிறகு வீட்டு டிரங்குப் பெட்டி. பரணில் இருந்து அதை இறக்கி நிதானமாகப் பாருங்கள். கணவர் காயம்பட்டார் என்று வந்த தந்தி இருக்கலாம். தந்தி சேவையே 2013 ஜூலையோடு நின்றுவிட்டது, இனி அதற்கு நகல் கிடைக்காது. இன்லேண்ட் லெட்டர்கள் இருக்கலாம். அனுப்புநர் முகவரியில் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலைய எண் போட்டிருக்கும். ஊர்ப் பெயர் இருக்காது. ஆனால் தபால் முத்திரையைக் கூர்ந்து பாருங்கள். வட்டத்துக்குள் எஃப்.பி.ஓ. என்று ஓர் எண்ணும் தேதியும் இருக்கும். ஒவ்வொரு ஃபீல்ட் போஸ்ட் ஆபீசுக்கும் ஓர் எண். மங்கிப்போயிருந்தால் சாய்வான வெளிச்சத்தில் போட்டோ எடுத்தால் எழுத்து எழும்பி வரும். எக்காரணம் கொண்டும் பென்சிலால் மேலெழுத வேண்டாம். ஓர் ஆண்டு முழுக்க வந்த கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கினால், யூனிட் எப்போது எங்கே நகர்ந்தது என்பது ஒரு வரைபடம் போலத் தெரியும். அந்தக் கடிதத்தில் "காலில் லேசாக அடி, கவலைப்படாதே" என்று எழுதியிருந்தால், மனைவியைத் தேற்றுவதற்காக எழுதிய அந்த வரி இன்று அதே தேதியில் எழுந்த சாட்சி. ஒரிஜினலை ஒருபோதும் அனுப்பாதீர்கள். சான்றொப்பமிட்ட நகல் போதும்.

சம்பளச் சீட்டும் பேசும். ஃபீல்ட் ஏரியா அலவன்ஸ், சியாச்சின் அலவன்ஸ் என்று எந்த மாதம் ஏறியது, எந்த மாதம் நின்றது என்பதைப் பார்த்தாலே அவர் எப்போது மேலே போனார், எப்போது இறக்கப்பட்டார் என்று தெரியும். ரெக்கார்ட் ஆபீசோடு இணைந்த பி.ஏ.ஓ. என்ற சம்பளக் கணக்கு அலுவலகத்தில் இதைக் கேட்கலாம்.

உடன் இருந்தவர்களின் வாக்குமூலம் உதவும், ஒழுங்காக எழுதினால். "இவர் வீரமாகப் போரிட்டார், நல்லவர்" என்று எழுதிய அஃபிடவிட்டால் பயனில்லை. எழுதுகிறவரின் படை எண், ரேங்க், எந்த கம்பெனி, எந்த பிளாட்டூன், சம்பவத்தின்போது எத்தனை அடி தூரத்தில் இருந்தார், தன் கண்ணால் எதைப் பார்த்தார், அடிபட்டவரை யார் தூக்கினார்கள், எதில் கொண்டுபோனார்கள், இவ்வளவும் வேண்டும். தனக்குத் தெரியாததை "தெரியாது" என்று எழுதுகிற சாட்சிதான் நம்பப்படும். அவருடைய டிஸ்சார்ஜ் புக் நகலையும் இணைத்தால், அவரும் அங்கே இருந்தார் என்பது நிற்கும். இரண்டு பேர் எழுதினால் ஒரே வாசகத்தை நகல் எடுக்காதீர்கள். ஒரே ஆள் எழுதிக் கொடுத்தது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். அன்றைய கம்பெனி கமாண்டர் உயிரோடு இருந்தால் அவருடைய கையெழுத்துக்கு எடை அதிகம்.

பட்டாலியனின் அன்றாடப் போர்க் குறிப்பான வார் டைரியும் ஒரு வழி. போர், ஆபரேஷன் ஆவணங்களைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கு மாற்ற வேண்டும், பொதுவாக 25 ஆண்டில் ரகசியம் நீக்க வேண்டும் என்று 2021 ஜூனில் ஒரு கொள்கை அறிவிக்கப்பட்டது. ஜவானின் பெயர் அதில் இல்லாவிட்டாலும், அந்தத் தேதியில் அந்த கம்பெனி அந்த இடத்தில் மோதலில் இருந்தது என்று இருந்தாலே முதல் கண்ணி உறுதியாகிவிடும்.

இலங்கைக்குப் போனவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1987 ஜூலையில் தொடங்கி 1990 மார்ச்சில் முடிந்த ஆபரேஷன் பவன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள், காயம்பட்டவர்கள் அதைவிடப் பல மடங்கு. அடிபட்டவர்கள் களத்திலிருந்து ஒரு மருத்துவமனை, அங்கிருந்து சென்னை, பிறகு இன்னொரு ஊர் என்று மாற்றப்பட்டதில் காகிதம் துண்டு துண்டாகச் சிதறியது. காலை இழந்தவர்கள் புனேயில் உள்ள ஆர்டிஃபிஷியல் லிம்ப் சென்டருக்குப் போயிருப்பார்கள். கடைசி மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டில் "எங்கிருந்து மாற்றப்பட்டார்" என்ற பத்தியைப் பாருங்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்னால் போனால், முதல் மருத்துவமனையின் சேர்க்கைப் பதிவேடு வரை போகலாம். அங்கேதான் "குண்டுக் காயம்" என்ற சொல் முதன்முதலாக எழுதப்பட்டிருக்கும்.

உடம்பே ஓர் ஆவணம் என்பதை மறந்துவிடக் கூடாது. எடுக்கப்படாத சிதறல் துண்டுகள் பலருக்கு இன்னும் தசைக்குள் இருக்கின்றன. அரசு மருத்துவமனையில் ஓர் எக்ஸ்ரே எடுத்தால் சதைக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். சைக்கிளில் விழுந்தவர் காலில் இரும்புத் துண்டு இருக்காது. ரேடியாலஜிஸ்டிடம் "உலோகப் பொருள்" என்று எழுதி வாங்குங்கள், எந்த இடம், எத்தனை, என்ன அளவு என்பதோடு. உள்ளே சிதறல் இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே பார்க்காமல் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகவே கூடாது. இரும்பாக இருந்தால் காந்தம் இழுத்து நரம்பையும் ரத்தக்குழாயையும் கிழித்துவிடலாம்.

இன்னும் பணியில் இருப்பவர்கள், சீக்கிரம் வெளியே வரப்போகிறவர்கள், ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப் 16 படிவத்தின் முதல் பகுதியில் முழுக் கவனம் வையுங்கள். அது உங்கள் சொந்த வாக்குமூலம். முதல் கேள்வியே எந்தெந்த ஊரில் எப்போது பணி, பீஸா ஃபீல்டா என்ற அட்டவணை. பலரும் வரிசையில் நின்றுகொண்டு நினைவில் வந்ததை எழுதிவிட்டு நகர்கிறார்கள். பீஸ் என்று தவறாக எழுதிய மூன்று ஆண்டு, "நோய் தொடங்கியது அமைதிப் பகுதியில்" என்று போர்டு எழுதக் காரணமாகிவிடுகிறது. நான்காவது கேள்வி, எந்தச் சம்பவம் இந்தக் குறைக்குக் காரணம் என்று நினைக்கிறீர்கள் என்பது. அங்கே "இல்லை" என்று எழுதாதீர்கள். தேதி, இடம், ஆபரேஷன் பெயர், மூன்றும் வேண்டும். பணி கடுமையான அழுத்தம் உள்ளதாக இருந்ததா என்று கமாண்டிங் ஆபீசரிடமும் ஒரு கேள்வி உண்டு. அவர் "ஆம்" என்று எழுதி, போர்டு "தொடர்பில்லை" என்று எழுதியிருந்தால், அந்த முரண்பாட்டை மேல்முறையீட்டில் முதல் வரியாக வையுங்கள்.

நோய்களுக்கு வழி கொஞ்சம் சுற்று. ரத்த அழுத்தம், இதயம், மனநலம் போன்றவற்றுக்குக் குண்டுக் காயம் மாதிரி ஒரு தேதி கிடையாது. களத்தில் இருந்த காலத்துக்கும் முதல் அறிகுறி பதிவான நாளுக்கும் இடையே உள்ள மாதங்களைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். பனியும் உயரமும்கூடக் கணக்கில் வரும். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே ஆபரேஷன் ரக்ஷக்கில் ரோந்து போன வீரர் கடும் வானிலையில் இறந்த வழக்கில், அவர் மனைவிக்குத் தாராளக் குடும்ப ஓய்வூதியம் (லிபரலைஸ்டு ஃபேமிலி பென்ஷன்) கொடுத்த தீர்ப்பை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்து, அந்தப் பெண்ணை நீதிமன்றத்துக்கு இழுத்ததற்காக அரசு 50,000 ரூபாய் செலவுத்தொகை தர வேண்டும் என்றும் சொன்னது. படித்தபோது நெஞ்சு நிறைந்தது. ஆனால் அவர் அதற்காகக் காத்திருந்தது பத்து ஆண்டுக்கும் மேல்.

மறுப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவது. பதிலே வராமல் ஆறு மாதம் போனாலும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாடு, புதுச்சேரி, ஆந்திரம், தெலங்கானாவுக்குச் சென்னை அமர்வு. முப்பது ஆண்டு தாமதமாகிவிட்டதே என்று ஒதுங்காதீர்கள். பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் கதவு மூடுவதில்லை. ஆனால் 2008-ல் தர்செம் சிங் வழக்கின் தீர்ப்புப்படி, நிலுவைத் தொகை பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான் கிடைக்கும். 1990-ல் கிடைத்திருக்க வேண்டியதை இன்று கேட்டால் மூன்று ஆண்டுப் பணம்தான் வரும். நாளைக்குக் கேட்டாலும் அதே மூன்று ஆண்டுதான், ஆனால் கடந்துபோன ஒவ்வொரு மாதமும் பின்னாலிருந்து ஒரு மாதம் உதிர்ந்துகொண்டே இருக்கும். மனுவோடு தாமதத்தை மன்னிக்கக் கோரும் தனி மனுவையும் சேர்த்தே போடுங்கள்.

வீரர் இறந்துவிட்டார் என்றால் அவர் மனைவி இதே காகிதங்களைக் கேட்கலாம், அவர் உயிரோடு இருந்த காலத்துக்கான நிலுவையையும் கோரலாம். அதற்கு முதலில் திருமணம் பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்க வேண்டும். பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ.வில் மனைவி பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, பிறந்த தேதி சரியா என்பதை, வீரர் உயிரோடு இருக்கும்போதே இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள்.